கலங்கரை விளக்கத்துக்கு ஒரு நிலையம் முன்னால்

"டீச்சர், அது பெண்கள் கல்லூரிதானே?"

பிளஸ் டூ முடிவுகள் வந்த மறுநாளிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை, எங்கள் பள்ளி ஆசிரியர் அறை வாசலில் நான் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். பதினான்கு ஆண்டுகளாக அரசுப் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். மகள் என்ன படிக்க விரும்புகிறாள், அந்தப் பாடத்துக்கு அங்கே நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்களா, போய்வர பஸ் வசதி உண்டா என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான் வரும். சிலர் மனத்தில் இருப்பதை மறைக்காமல் சொல்லிவிடுவார்கள்: "படிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. நாளைக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான்."

எங்கள் மாடி வீட்டு அம்மாவின் எண்ணம் இதற்கு நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து வருகிறது. "கிண்டி பொறியியல் கல்லூரியில் இடம் வாங்கிவிட்டால் பெண்ணைப் பற்றிய கவலை பாதி தீர்ந்தது. பையனும் அந்தத் தரத்தில் அமைந்துவிடுவான்" என்பார். அங்கே யாரையாவது சந்திப்பாள் என்ற பொருளில் அவர் அதைச் சொல்வதில்லை. மணமகன் தேவை விளம்பரத்தில் பெண்ணின் வயது, உயரம், நட்சத்திரம் ஆகியவற்றோடு கல்லூரியின் பெயரும் வரும். நகைக்குக் காரட் எப்படியோ அப்படி அந்தப் பெயர் என்பது அவருடைய கணக்கு.

ஆக, கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது வாழ்க்கைத் துணையைத் தீர்மானிக்குமா என்ற கேள்வியை நம் ஊரில் யாரும் கேட்பதே இல்லை. தீர்மானிக்கும் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். ஒருவர் அதைத் தடுக்கக் கல்லூரி தேடுகிறார், இன்னொருவர் அதை வாங்கக் கல்லூரி தேடுகிறார். 2025 மே மாதத்தில் அந்தக் கேள்வி என் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது.

என் மகளுக்குப் புவியியல் படிக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது அவளுக்கு எட்டு வயது. தெருவில் தண்ணீர் ஏறியதைவிட, வடிந்தபோது அது எந்தப் பக்கமாகப் போனது என்பதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அன்று தொடங்கிய கேள்விகள் இன்னும் ஓயவில்லை. அரசு கலைக் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். பட்டியலில் முதலில் வந்து நின்றவை இரண்டு பெயர்கள்: ராணி மேரிக் கல்லூரி, மாநிலக் கல்லூரி. இரண்டும் காமராசர் சாலையில், கடலைப் பார்த்தபடி இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடலாம். முன்னது பெண்களுக்கு மட்டும். பின்னதில் இருபாலரும் படிக்கிறார்கள். அவளுடைய மதிப்பெண்ணுக்கு இரண்டிலுமே இடம் கிடைக்கும்.

"எது முதலில் அம்மா?" என்று கேட்டாள். நான் உடனே பதில் சொல்லவில்லை. என் விரல் ராணி மேரிக்கு மேலேயே நின்றது. அங்கே படித்தவள் நான், அந்தப் பாசமாகக்கூட அது இருக்கலாம். ஆனால் அது பாசம் மட்டும் இல்லை என்பது எனக்கே தெரிந்தது. அந்த ஒரு நிமிடத்தில் எனக்குள் என் அப்பா உட்கார்ந்திருந்தார்.

2001-இல் நான் பிளஸ் டூ முடித்தேன். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் சேர வேண்டும் என்பது என் ஆசை. பத்திரிகையில் அதன் மரங்களைப் பற்றி ஏதோ படித்திருந்தேன். அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் பிரிவு மேற்பார்வையாளர். விண்ணப்பம் வாங்க விடுப்பு எடுத்துக்கொண்டு என்னோடு தாம்பரம் வந்தார். உள்ளே போகும் பாதையின் ஓரத்தில், ஒரு பெரிய மரத்தடியில், நான்கைந்து மாணவர்களும் மூன்று மாணவிகளும் தரையில் உட்கார்ந்து ஏதோ நோட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா ஒரு கணம் நின்றார். விண்ணப்பத்தை வாங்கினார், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். திரும்பும் ரயிலில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார்: "ராணி மேரியில் போடலாம். பெண்கள் மட்டும். மனசு நிம்மதியாக இருக்கும்."

அவரை நான் குறை சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் பெண் நான். பெண்கள் கல்லூரி என்ற ஒன்று இல்லாமல் இருந்திருந்தால், தாம்பரத்துக்குப் பதிலாக எனக்குக் கிடைத்திருக்கக்கூடியது தையல் வகுப்பு.

மூன்று ஆண்டுகள் என் பயணம் இப்படி: அம்பத்தூரில் மின்சார ரயில், மகளிர் பெட்டி. மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்கி, சாலையைக் கடந்து, பூங்கா நகரில் பறக்கும் ரயில், மறுபடியும் மகளிர் பெட்டி. சிந்தாதிரிப்பேட்டை, சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம். இறங்கி நடந்தால் கல்லூரி. ஒரு நாள் முழுவதும் ஓர் ஆணிடமும் வாய் திறக்காமல் போய்வர முடிந்தது. ரயில் தாமதமானால் பஸ். பஸ்ஸிலும் இடப்பக்கம் பெண்கள் இருக்கை. முதல் இரண்டு ஆண்டுகளில் வீட்டாரைத் தவிர ஆண்களிடம் நான் பேசியவை "ஒரு டிக்கெட்", "சில்லறை இல்லை" ஆகியவைதான். அப்பாவின் ஏற்பாடு ஓட்டையில்லாத ஏற்பாடு.

ஆனால் கல்லூரிக்குள் வேறொரு உலகம் இருந்தது. பென்ட்லாண்டு ஹவுஸ் படிக்கட்டில் உட்கார்ந்து மீனவர் குப்பத்திலிருந்து வந்த பெண்ணும், ஆந்திர எல்லையிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்த பெண்ணும், நானும் பேசாத பேச்சு இல்லை. மேடையில் ஏறிப் பேசுவது, கூட்டத்தை நடத்துவது, நாற்காலி தூக்குவது, மின்விசிறி ஓடவில்லை என்றால் மனு எழுதுவது, எல்லாமே பெண்கள்தான் செய்ய வேண்டும். "இதைப் பையன்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று ஒதுங்கி நிற்க அங்கே வழியில்லை. வேறு எந்தக் கல்லூரியில் படித்திருந்தாலும் எனக்கு அந்தத் துணிச்சல் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

2003 ஏப்ரலில், கல்லூரி இருக்கும் இடத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்டத் திட்டம் என்ற செய்தி வந்தது. 1914-இல் தொடங்கிய கல்லூரி, சென்னையின் முதல் பெண்கள் கல்லூரி, எங்கள் கண்முன்னே போகப் போகிறது என்று கேட்டதும் வகுப்புகளை விட்டு வெளியே வந்து உட்கார்ந்தோம். வெயில் கொளுத்தியது. முன்னாள் மாணவிகள், எழுபது வயதைத் தாண்டியவர்கள்கூட, தண்ணீர்ப் பாட்டிலோடு வந்தார்கள். நான் அட்டைகளில் வாசகம் எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து நன்றாக இருந்தது என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது. செய்தித்தாள்களில் எல்லாம் எங்கள் கல்லூரியின் பேச்சாகவே இருந்தது. கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. கல்லூரி அங்கேயேதான் இருக்கிறது.

போராட்டம் முடிந்த பிறகு எங்கள் ஆசிரியை ஒருவர் எங்களை அழைத்துச் சொன்னார்: "இந்தக் கட்டடத்துக்காக உட்கார்ந்தீர்கள். இதன் கதை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?" நாங்கள் தலைகுனிந்து நின்றோம். விடுமுறையில் கல்லூரியின் வரலாற்றைத் திரட்டிக் கையால் எழுதிய ஒரு கண்காட்சி வைப்பது என்று முடிவானது. நானும் என் தோழியும் எழும்பூர் கன்னிமரா நூலகத்துக்குப் போகத் தொடங்கினோம். அப்பாவிடம் சொன்னேன். நூலகம்தானே, போய் வா என்றார்.

பழைய ஆங்கில அறிக்கைகளைப் படிப்பது எங்களுக்குக் கடினமாக இருந்தது. எதிர்மேசையில் ஒருவர் தினமும் வந்து தடித்த தொகுதிகளில் தலையை நுழைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாநிலக் கல்லூரியில் முதுகலை வரலாறு படிப்பவர் என்று நூலகப் பணியாளர் சொன்னார். ஒரு வாக்கியத்துக்குப் பொருள் கேட்க என் தோழிதான் முதலில் போனாள், நான் பின்னால் நின்றேன். அவர் பொருள் சொன்னார். பிறகு, "நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள்?" என்று கேட்டார். பறக்கும் ரயிலில் கல்லூரிக்குப் போய்வருவதைச் சொன்னேன். "அப்படியானால் இரண்டு வருடமாக நீங்கள் என் ஆய்வின் மேல்தான் போய்க்கொண்டிருக்கிறீர்கள்" என்றார்.

அவர் ஆராய்ந்துகொண்டிருந்தது பக்கிங்காம் கால்வாய். பறக்கும் ரயிலின் தூண்கள் அந்தக் கால்வாயில்தான் நிற்கின்றன. கீழே கருப்பாக ஓடுவது சாக்கடை என்றே நான் நினைத்திருந்தேன். 1877–78 பஞ்சத்தில், பட்டினியால் நகரத்துக்கு வந்தவர்களுக்குக் கூலிவேலை கொடுப்பதற்காக அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டிய பகுதி அது. அப்போதைய ஆளுநரின் பெயர்தான் கால்வாய்க்கு வந்தது என்று அவர் சொல்லச்சொல்ல, நான் தினமும் கடந்த இடம் எனக்கே புதிதாகத் தெரிந்தது. அடுத்த நாள் ரயிலில் முதன்முதலாக எட்டிப் பார்த்தேன்.

அந்தக் கோடை முழுவதும், பிறகு சனிக்கிழமைகளிலும், ஒரே அறையில் வேலை பார்த்தோம். நான் அவருக்குத் தமிழ்ப் பத்திரிகைகளிலிருந்து பஞ்சத்தைப் பற்றிய குறிப்புகளைப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். அவர் எனக்குக் கல்லூரி அறிக்கைகளை வாசித்துக் காட்டினார். முதல் முதல்வர் டொரோத்தி டி லா ஹே என்ற பெயரை எப்படி உச்சரிப்பது என்பதில் இருவருக்கும் பெரிய வாக்குவாதம் நடந்தது. ஒருவர் தான் தவறு செய்ததை எப்படி ஒப்புக்கொள்கிறார், நூலகப் பணியாளரிடம் எந்தக் குரலில் பேசுகிறார், கேட்டது கிடைக்காதபோது முகம் எப்படி மாறுகிறது என்பதையெல்லாம் நான் அங்கே பார்த்தேன். காதல் என்ற சொல் எங்களுக்கு நடுவே வருவதற்கு ஒன்றரை ஆண்டு ஆனது. அதற்குள் எனக்குத் தெரிய வேண்டியதெல்லாம் தெரிந்துவிட்டிருந்தது.

2006-இல் சுயமரியாதை முறையில் திருமணம் செய்துகொண்டோம். தமிழ்நாட்டில் 1967-இல் இந்து திருமணச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 7-ஏ பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. உறவினரோ நண்பரோ முன்னிலையில், இருவருக்கும் புரியும் மொழியில் உறுதி சொல்லி மாலை மாற்றிக்கொண்டால் போதும், சடங்கும் புரோகிதரும் தேவையில்லை. இருவரும் வேறுவேறு சாதி. அம்மா வந்தார். அப்பா வரவில்லை. மகள் பிறந்து மூன்று மாதம் ஆன பிறகு ஒரு மாலை, கையில் பால் புட்டியும் ஒரு சீப்பு மலைவாழையும் வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். அந்த நாளைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் என் கை நடுங்கும்.

இப்போது என் தங்கையின் கதையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நான் சொல்ல வருவது விளங்கும்.

அவள் என்னைவிட இரண்டு வயது சிறியவள். 2003-இல் பொறியியல் கலந்தாய்வுக்குப் போனாள். அப்போது நுழைவுத் தேர்வு இருந்தது. கட்-ஆஃப் 300-க்குக் கணக்கிடுவார்கள், இப்போதுபோல 200-க்கு அல்ல. கிண்டி மயிரிழையில் தவறியது. நகரத்துக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் கிடைத்தது. பெயர் வேண்டாம். இருபாலர் கல்லூரி என்று விண்ணப்பத்தில் இருந்தது. உள்ளே போனால் ஆண்களுக்கு ஒரு படிக்கட்டு, பெண்களுக்கு ஒரு படிக்கட்டு. உணவகத்தின் நடுவே தடுப்பு. கல்லூரிப் பஸ்ஸில் பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால், நடுவில் ஒரு வரிசை காலி. வகுப்புத் தோழனிடம் பேனா இரவல் வாங்கினாள் என்பதற்காக அவளுடைய தோழியின் பெற்றோரை வரவழைத்து, எல்லோர் முன்னாலும் நிற்க வைத்தார்கள். அந்தப் பெண்ணின் அப்பா மளிகைக்கடை வைத்திருந்தவர். அன்று கடையை மூடிவிட்டு வந்து, என்ன குற்றம் என்றே புரியாமல் நின்ற அந்த மனிதரின் முகத்தைத் தங்கை இன்றும் சொல்லிச் சொல்லிக் கொதிக்கிறாள். எனக்கும் கொதிக்கிறது. பதினெட்டு வயதானவர்களை ஓட்டுப்போட நம்புகிறது நாடு. ஒரு பேனாவைக் கேட்டு வாங்க அந்தக் கல்லூரி நம்பவில்லை.

நான்கு ஆண்டுகள் முடிந்தன. வேலைக்குப் போனாள். 2010-இல் வீட்டில் வரன் பார்த்தார்கள். என் திருமணத்தில் பட்ட காயம் ஆறாத அப்பா, சாதி, உட்பிரிவு, ஜாதகம் எல்லாம் பொருந்தியதைத்தான் பார்த்தார். பையன் வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். கேசரியும் பஜ்ஜியும் முடிந்து, தனியாகப் பேச இருவரையும் மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் கேட்ட முதல் கேள்வி: "உங்கள் பதிவெண் 38-இல் முடியும், இல்லையா?"

அவள் திகைத்துப்போய், "ஆமாம்" என்றாள்.

"என்னுடையது 39."

ஒரே வகுப்பு. எட்டு செமஸ்டர். ஆய்வகத்தில் ரெக்கார்டு நோட்டுகளைப் பதிவெண் வரிசையில் அடுக்கும்போது, நான்கு வருடமும் அவளுடைய நோட்டுக்குக் கீழே அவருடைய நோட்டு. ஒரு முறைகூடப் பேசியதில்லை. அவளுக்கு முகம் மட்டும் லேசாக நினைவிருந்தது; பெயர் தெரியாது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்று அன்று வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். தங்கை சிரிக்கவில்லை. பிறகு என்னிடம் சொன்னாள்: "அக்கா, கை எட்டும் தூரத்தில் நான்கு வருடம் இருந்த மனிதரைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு ஜோதிடர் தேவைப்பட்டிருக்கிறார்."

அவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். நல்ல மனிதர் அவர். ஆனால் முதல் இரண்டு ஆண்டுகள் ஓர் ஆணோடு எப்படிச் சண்டை போடுவது, எப்படிச் சமாதானமாவது என்றே தெரியாமல் தவித்ததாகச் சொல்கிறாள். அவருக்கும் அதே தவிப்பு. கல்லூரி வயதில் கற்றுக்கொள்ள வேண்டியதை, கழுத்தில் தாலி ஏறிய பிறகு, தப்பிக்க வழியில்லாத இடத்தில் நின்று கற்றார்கள்.

எங்கள் இருவரையும் வைத்துப் பார்த்தால், பெண்கள் கல்லூரிக்குப் போனவள் தன் துணையைத் தானே கண்டாள். இருபாலர் கல்லூரிக்குப் போனவளுக்கு அதே கல்லூரியிலேயே இருந்தவரை வெளியிலிருந்து கொண்டுவந்து காட்ட வேண்டியிருந்தது. பெயர்ப்பலகையில் எழுதியிருப்பதை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அதற்காகக் கல்லூரிக்கும் திருமணத்துக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. நார்வே நாட்டுத் தரவுகளை வைத்துப் பொருளாதார ஆய்வாளர்கள் 2021-இல் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நம் கலந்தாய்வைப் போலவே அங்கும் மதிப்பெண் வரிசைப்படி ஒரே இடத்திலிருந்து இடம் ஒதுக்குகிறார்கள். ஆகவே ஒரு கல்லூரியின் கட்-ஆஃபை ஒட்டி உள்ளே போனவர்களையும், என் தங்கையைப் போல மயிரிழையில் தவறவிட்டவர்களையும் ஒப்பிட முடிந்தது. இரு சாராரும் ஏறக்குறைய ஒரே மாதிரியானவர்கள். கல்லூரி மட்டும் வேறு. யாரை மணக்கிறார்கள் என்பதில் அந்தக் கல்லூரிக்குப் பெரிய பங்கு இருப்பதை அவர்கள் கண்டார்கள். ஒரு குறிப்பிட்ட காலத்தில் ஒரு குறிப்பிட்ட வளாகத்தில் இருந்ததுதான் காரணம் என்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்குக் கன்னிமராவின் மேசைதான் நினைவுக்கு வந்தது. வளாகம் என்பது சுவருக்குள் இருக்கும் இடம் மட்டும் அல்ல. கல்லூரி உங்களை எங்கெல்லாம் போக வைக்கிறதோ அதெல்லாம் வளாகம்தான்.

ஆனால் அந்த ஊர்க் கணக்கை இங்கே அப்படியே கொண்டுவந்து வைக்க முடியாது. அமெரிக்காவில் 2017-இல் சந்தித்து இணைந்த ஆண்–பெண் இணையர்களில் சுமார் 39 சதவீதம் பேர் இணையத்தில் சந்தித்தவர்கள் என்று ஓர் ஆய்வு சொல்கிறது. அங்கே கல்லூரியோ, நண்பர்களோ, கைப்பேசியோ, யார் அறிமுகப்படுத்தினாலும் முடிவு அந்த இருவருடையது. இங்கே? 2011–12-இல் நடந்த இந்திய மனிதவள மேம்பாட்டு ஆய்வின்படி, சாதி மாறி மணந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 5 பேர். கலப்பாகவே உட்கார வைக்கும் வகுப்பறைகள் நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் இருந்தும் ஐந்துதான். சந்திக்க வாய்ப்பில்லாமலா? சந்தித்தவர்கள் எத்தனையோ பேர், வீட்டு வாசல்வரை வந்து பிரிந்துபோயிருக்கிறார்கள்.

பெற்றோர்கள் என்னிடம் "காதல், கீதல்" என்று சொல்லும்போது, அவர்கள் பயப்படுவது காதலுக்கு அல்ல என்பது எனக்குத் தெரியும். சொந்தச் சாதியில் நல்ல வேலையிலிருக்கும் பையனைப் பெண் விரும்பினால் முக்கால்வாசி வீடுகளில் முதல் வாரம் அழுகை, இரண்டாம் வாரம் பத்திரிகை அடிப்பது. பயம் சாதியைப் பற்றியது. சங்கரும் கௌசல்யாவும் பொறியியல் கல்லூரியில் அறிமுகமாகி, சாதி மாறி மணந்தவர்கள். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், பேருந்து நிலையத்துக்கு அருகே சங்கரை வெட்டிக் கொன்றார்கள். அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த இரவு என் அப்பா தொலைபேசியில் அழைத்தார். "மாப்பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டாரா?" என்று கேட்டார். வந்துவிட்டார் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு வைத்துவிட்டார். எங்களுக்குத் திருமணமாகிப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது.

எனவே என்னிடம் வரும் பெற்றோரிடம் நான் இரண்டு விதமாகப் பேசுகிறேன். ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தாய், "பெண்கள் கல்லூரியாகச் சொல்லுங்கள் டீச்சர், இல்லாவிட்டால் அவளுடைய அப்பா படிப்பையே நிறுத்திவிடுவார்" என்றால், நான் மறுபேச்சு இல்லாமல் பெண்கள் கல்லூரியின் பெயரைத்தான் எழுதிக் கொடுக்கிறேன். அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும் என்பதையும் அப்பாவிடம் சொல்லச் சொல்கிறேன். முதலில் அவள் வீட்டைவிட்டு வெளியே வரட்டும். நான் அப்படித்தான் வந்தேன். ராணி மேரி எனக்குக் கதவு.

வேறு வழி உள்ளவர்களிடம் நான் கேட்பது வேறு. அந்தக் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் உண்மையிலேயே நடக்கிறதா? நூலகம் மாலையில் எத்தனை மணிவரை திறந்திருக்கும்? பிற கல்லூரிகளின் போட்டிகளுக்கு அனுப்புகிறார்களா? பையனும் பெண்ணும் சேர்ந்து ஒரு வேலையைச் செய்தால் அதை வேலையாகப் பார்க்கிறார்களா, குற்றமாகப் பார்க்கிறார்களா? இதையெல்லாம் விசாரியுங்கள் என்கிறேன். பெண்ணைப் பெற்றவர்களிடம் மட்டும் அல்ல, பையனைப் பெற்றவர்களிடமும் சொல்கிறேன். அவர்கள் இந்தக் கேள்வியோடு என் அறைக்கு வருவதே இல்லை, நானாகப் போய்த்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் எதிர்ப்பாலரோடு பக்கத்தில் நின்று வேலை செய்தவர்களுக்கு, பிறகு தானே தேர்ந்தெடுத்தாலும் சரி, வீட்டார் காட்டினாலும் சரி, எதிரில் இருப்பவர் எப்படிப்பட்டவர் என்று பார்க்கத் தெரியும். அதைத்தான் ஒரு கல்லூரியால் தர முடியும். ஆளைத் தருவது அதன் வேலை இல்லை.

இவ்வளவும் ஊராருக்குச் சொல்லும் எனக்கு, என் மகள் "எது முதலில்?" என்று கேட்டபோது விரல் நகரவில்லை.

அவளிடம் உண்மையைச் சொன்னேன். எனக்குப் பயமாக இருக்கிறது, ஏன் என்று தெரியவில்லை என்றேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு கல்லூரிகளின் பாடத்திட்டத்தையும் கைப்பேசியில் இறக்கி வைத்திருந்தாள். யார்யார் எதில் ஆய்வு செய்கிறார்கள் என்றும் எழுதி வைத்திருந்தாள். ஒரு மணி நேரம் அதைப் பற்றியே பேசினாள். கடைசியில் மாநிலக் கல்லூரியைத்தான் முதலில் வைக்கப் போவதாகச் சொன்னாள். அப்பா படித்த இடம் என்பது ஒரு காரணமா என்று கேட்டேன். "அதுவும்தான்" என்றாள். என் கல்லூரியை இரண்டாவதாக வைத்ததில் எனக்கு ஒரு சின்ன வருத்தம் இருந்தது. இன்னும் இருக்கிறது.

அன்று இரவு அம்பத்தூருக்கு அழைத்துச் சொன்னேன். அம்மா, "இருபாலரும் படிக்கிற இடமா?" என்று இழுத்தார். பின்னால் அப்பாவின் குரல் கேட்டது: "எந்த நாள் சேர்க்கை என்று கேள்."

சேர்க்கை நாளன்று காலையில் நானும் கணவரும் மகளும் அம்பத்தூருக்குப் போய் அவரையும் அழைத்துக்கொண்டோம். எழுபத்தாறு வயது. சலவைச் சட்டை, கையில் பேத்தியின் சான்றிதழ் கோப்பு. அதை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. ரயில் வந்தது. பழக்கத்தில் நான் மகளிர் பெட்டியை நோக்கி நடக்கத் தொடங்கினேன். அந்த மூன்று ஆண்டுகளும், அப்பாவோடு எங்கே போனாலும், அவர் என்னை மகளிர் பெட்டியில் ஏற்றிவிட்டு, அடுத்த பெட்டிக்கு ஓடிப்போய் ஏறுவார். ஒவ்வொரு நிலையத்திலும் ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பார்.

"பாப்பா, எங்கே போகிறாய்? எல்லோரும் இதிலேயே ஏறலாம்" என்று பொதுப் பெட்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்பா கூப்பிட்டார்.

பூங்கா நகரில் பறக்கும் ரயிலுக்கு மாறினோம். நால்வருக்கும் எதிரெதிரே இடம் கிடைத்தது. சிந்தாதிரிப்பேட்டை தாண்டியதும் என் கணவர் ஜன்னல் பக்கம் சாய்ந்து, கீழே தெரியும் கால்வாயைக் காட்டி மாமனாரிடம் பஞ்சத்தின் கதையைச் சொல்லத் தொடங்கினார். அப்பா கோப்பை மடியில் இறுக்கிப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "எவ்வளவு கூலி கொடுத்தார்கள்?" என்று நடுவில் கேட்டார். பதில் முடிவதற்குள் திருவல்லிக்கேணி வந்துவிட்டது. கலங்கரை விளக்கத்துக்கு ஒரு நிலையம் முன்னால் நாங்கள் இறங்கினோம்.